ஊறுகாய் ஜாடிக்குள் குண்டுமல்லி

என் மதினி சகாயராணி யாரோடும் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் அதுதான். ஒருத்தர் கத்தினால் பதிலுக்கு நாமும் கத்த வேண்டாமா? அவள் "சரி" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். கத்தின நாம்தான் கூமுட்டை மாதிரி நிற்க வேண்டும்.

எங்கள் அண்ணன் அருளப்பனைக் கட்டிக்கொண்டு அவள் காமயகவுண்டன்பட்டிக்கு வந்தபோது சீர் என்று பெரிதாக எதுவும் வரவில்லை. மார்க்கையன்கோட்டையில் அவள் அப்பா கூலி வேலைக்குப் போகிறவர். ஒரு பெட்டி, நாலு சேலை, ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு குண்டுமல்லிச் செடி. அவ்வளவுதான். எங்கள் அம்மா இருதயம்மாள் அந்தச் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அடி ஆத்தே! வந்தவ என்னத்தக் கொண்டாந்தா? குச்சியக் கொண்டாந்தா!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். அதோடு விட்டாரா? சாகிற வரைக்கும் சொன்னார். மதினி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

வீட்டைச் சுற்றிச் சிமெண்ட் தரை, செடி வைக்கக் கையளவு மண் கிடையாது. அதனால் அந்தக் குச்சி முதலில் அடி போன குக்கரில் இருந்தது, பிறகு எண்ணெய் டின்னுக்குப் போனது, அப்புறம் பெயிண்ட் வாளிக்கு. மதினி திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலை செய்கிறவள். எங்கே வெட்டினால் எங்கே துளிர்க்கும் என்பது அவள் கைக்குத் தெரியும். வருடா வருடம் மழை ஓய்ந்ததும் செடியைத் தட்டி வெளியே எடுப்பாள். சுருண்டு கிடக்கும் வேரைக் கழித்து, கிளைகளைக் குட்டையாக வெட்டி, செம்மண்ணும் மக்கிய சாணியும் கலந்து மறுபடி வைப்பாள். பூக்கிற காலத்தில் முதல் சரம் மாதா சிலை இருக்கும் கெபிக்கு, அடுத்தது எங்கள் அப்பா படத்துக்கு.

அம்மா இறந்த பிறகு அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. அவன் மோட்டார் மெக்கானிக். யோசனை வந்தால் உடனே டிரில்லிங் மிஷினைத் தூக்கிவிடுவான். அம்மாவின் ஊறுகாய் ஜாடி ஒன்று வீட்டில் இருந்தது. குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் அப்பா வாங்கி வந்தது. முழங்காலுக்கு மேல் உயரம், பெரிய வயிறு, சின்ன வாய். அம்மா அதில் நார்த்தங்காய் ஊறுகாய் போடுவார். மதினியை அதில் கைவிட விட்டதே இல்லை. அண்ணன் அந்த ஜாடியின் அடியில் ஓட்டை போட்டு, மதினி தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் குண்டுமல்லியை அதில் நட்டு வாசலில் வைத்துவிட்டான். பெண்டாட்டி சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருக்கிறான், பாவம்.

"வாய் குறுகுன ஜாடியில வச்சா, பெறகு எப்படிங்க எடுக்குறது?" என்று கேட்டாளாம் மதினி.

"எதுக்கு எடுக்கணும்? அழகா இருக்குல்ல?" என்றானாம் அவன். அவளும் வழக்கம்போல "சரி" என்றுவிட்டாள்.

சில வருடம் கழித்து, போன கார்த்திகையில் அண்ணன் எனக்கு போன் செய்தான். "அனிதா, உங்க மதினி ஆத்தா ஜாடிய உடைக்கணுங்குறா."

கம்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு டவுன் பஸ் ஏறினேன். வழியெல்லாம் கொதித்துக்கொண்டே போனேன். ஓட்டை போட்டதையே நான் இன்னும் மன்னிக்கவில்லை, இப்போது உடைக்க வேறு வேண்டுமா?

வாசலில் கால் வைக்கும்போதே ஆரம்பித்தேன். "ஏன் மதினி, எங்காத்தா ஞாபகமா இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் உடைச்சுப்புட்டா நிம்மதியாயிருமா?"

செடி மோசமாகத்தான் இருந்தது. இலையெல்லாம் மஞ்சள். மேலே ஊற்றிய தண்ணீர் நிற்காமல் அடி ஓட்டை வழியே ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மண்ணே இல்லை, எல்லாம் வேர் என்றாள் மதினி. கம்பி விட்டுக் கிளறிப் பார்த்தும் அசையவில்லையாம்.

"ஒரு குச்சிய ஒடிச்சு வேற தொட்டியில ஊண வேண்டியதுதான? அது பொழச்சுக்கிரும், ஜாடியும் தப்பிச்சிரும்."

"ஊணாமயா இருக்கேன்? இந்தத் தெருவுல முக்காவாசி வீட்டுல இதோட குச்சிதான் நிக்குது. அதெல்லாம் அவுக அவுக செடி. இதுதான் எங்கூட வந்தது, அனிதா. இந்த வீட்டுல எனக்குன்னு வேற என்ன இருக்கு?"

இத்தனை வருடத்தில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "அது எங்காத்தா ஜாடி" என்றேன் மறுபடியும்.

"சரி" என்றாள். உள்ளே போய்க் கவாத்துக் கத்தரியை எடுத்து வந்தாள். மேல்கிளைகளை ஒவ்வொன்றாக நறுக்கிப் போட்டாள். பிறகு குனிந்து, ஜாடி வாயை ஒட்டி இருந்த அடித்தண்டில் கத்தரியை வைத்தாள். அங்கே வெட்டினால் அதோடு முடிந்தது. கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது. துடைக்கக்கூட இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! அம்மா மேலா, அண்ணன் மேலா, என் மேலேயேவா, தெரியவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "நிறுத்து மதினி! ஒரு நாளாச்சும் முடியாதுன்னு சொல்லித் தொலைய மாட்டியா? அண்ணே, அந்தச் சுத்தியலக் கொண்டா இங்கன!"

சுத்தியலை எடுத்து வந்த அண்ணன் தயங்கினான். நானே பிடுங்கிப் போட்டேன் ஒரு போடு. ஜாடி லேசில் உடையவில்லை. அம்மா சாமான் அல்லவா! ரெண்டு மூணு போடு போட்ட பிறகுதான் விரிசல் விட்டு விழுந்தது.

ஓடு போனாலும் ஜாடி அங்கேயே நின்றது. அதே வயிறு, அதே கழுத்து, எல்லாம் வேரில். அழுதுவிட்டேன்.

மதினி கத்தரியோடு என் முகத்தைப் பார்த்தாள். "சுத்துவேரைக் கழிக்கணும், அனிதா. வெட்டவா?"

"வெட்டு மதினி. செடி பொழைக்கணும்."

பாதியாக அறுத்த நீல டிரம்மை அண்ணன் உருட்டி வந்தான். அதன் அடியில் வரிசையாக ஓட்டை. ஜாடிச் சில்லுகளைப் பொறுக்கி, ஒவ்வொரு ஓட்டைக்கு மேலும் கவிழ்த்து வைக்கச் சொன்னாள் மதினி. மண் போய் ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் வடியுமாம். நானே வைத்தேன். அதன் மேல் மண் போட்டுச் செடியை இறக்கினோம். துளிர் விடும்வரை நிழலில்தான் இருக்க வேண்டும் என்றாள். அன்று என்னைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள்.

உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டருக்கு முந்தின நாள், டவுன் பஸ் கண்டக்டர் கையில் மதினி கொடுத்துவிட்ட ஒரு வாழையிலைப் பொட்டலம் வந்தது. பிரித்தேன், பெருத்த மொட்டாகப் பார்த்துக் கட்டிய சரம். அன்று மாலை அதைத் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பக்கத்துக் கடை இவாஞ்சலின் மோந்து பார்த்துவிட்டு, "என்னா வாசம்! பூ ஏதுக்கா?" என்று கேட்டாள்.

"எங்க மதினி கல்யாணச் சீராக் கொண்டாந்தது" என்றேன்.