அம்மா கரையிறங்கிய ஞாயிறு

அம்மா கப்பலில் வேலைக்குப் போனபோது, அது மீன் பிடிக்கிற கப்பல் என்றுதான் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். அவள் படம் அனுப்பிய பிறகுதான், நாலைந்து லாட்ஜுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மிதக்கவிட்டதுபோல் அது இருப்பது தெரிந்தது. வசதியுள்ளவர்கள் ஊர் ஊராக இறங்கிச் சுற்றிப் பார்க்கும் கப்பல். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்துகொண்டிருந்த அம்மா, அங்கே பழகிய இங்கிலீஷை வைத்துக்கொண்டு அதே வேலைக்குக் கடல்மேல் போனாள். அப்பாவுக்கு இஷ்டமில்லை. ஆனால் வேங்கிக்காலில் பாதி கட்டி நின்றுபோயிருந்த எங்கள் வீட்டைக் காட்டி, இதை எப்படி முடிப்பது என்று அம்மா கேட்டதும் கடைசியில் சம்மதித்தார். என்னைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா எங்களோடு வந்து தங்கினாள்.

கப்பல் கரையைத் தொட்டாலும் அம்மாவுக்கு இறங்க நேரம் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் துறைமுக வாசலிலேயே உட்கார்ந்து எங்களோடு பேசிவிட்டுத் திரும்பிவிடுவாள். கார்த்திகை தீபத்துக்கு முந்தைய மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வீடியோவில் வந்தாள். யூனிபார்ம் இல்லை. நான் பார்த்திராத நீலச் சட்டை. முடியை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"இன்னைக்கு லீவு பாப்பா. வா, ரெண்டு பேரும் ஊர் சுத்தலாம்" என்றாள்.

எச்சில் கையோடு போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும்.

இத்தாலியில் கடலை ஒட்டி மலைச்சரிவில் இருந்த ஊர் அது. பெயர் சொன்னாள்; என் வாயில் நுழையவில்லை. மஞ்சளும் ரோஜா நிறமுமாக வீடுகள் கடலோரத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டே போயின. தெரு என்று சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் படிக்கட்டு. அம்மா போனை முன்னால் நீட்டிப் பிடித்தபடி ஏற, நான் இங்கிருந்து உத்தரவு போட்டேன். இந்தச் சந்தில் திரும்பு, அந்தக் கதவைக் காட்டு, பூனை எங்கே போச்சு பார். மதிலுக்கு வெளியே தேங்காய்ப் பருமனில் எலுமிச்சைகள் தொங்கின. "ஒரு பழம் போதும், உங்க அத்தை ஒரு ஜாடி ஊறுகா போட்டுடுவாங்க" என்றாள். அந்த ஊர்க்காரர்கள் இத்தனை தூரம் பறந்து வந்து எங்கள் மலையைச் சுற்றுகிறார்கள். என் அம்மா அவர்கள் மலையை ஏறுகிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வளைவில், ஜன்னலில் நின்ற கிழவி என்னவோ கேட்டாள். அம்மா அந்தப் பாஷையிலேயே பதில் சொன்னாள்.

"உனக்கு அது தெரியுமா?" என்றேன்.

"கொஞ்சம் கொஞ்சமா கத்துக்கினு வரேன்."

அப்போது அப்பா மாடிக்கு வந்து போனை வாங்கினார். அவர் கத்துகிறவர் இல்லை. அன்றும் மெதுவாகத்தான் பேசினார்.

"தீபத்துக்கு நீ வர கப்பல்காரங்க டிக்கெட் போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்க."

"இதோட போதும். இனிமே கப்பலும் வேணாம், செங்கம் ரோடும் வேணாம். வந்து வீட்டோட இரு. ஜனங்க ஜாஸ்தியா பேசுறாங்க."

"ஜனங்க இருக்கட்டும். நீங்க இன்னா சொல்றீங்க?"

"நானும் அதான் சொல்றேன்."

அம்மாவின் முகம் திரையிலிருந்து நகர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் கல்படிகள் மட்டும் தெரிந்தன. அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

உச்சியில் ஒரு சின்ன சர்ச்சும் அதன் எதிரே ஒரு கல்பெஞ்சும் இருந்தன. அம்மா அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கேள்விகளாகக் கேட்டாள். தலை யார் பின்னிவிடுகிறார்கள்? அத்தை அடிப்பாளா? ராத்திரி பயந்து எழுந்தால் யாரிடம் போவாய்? எனக்கோ கடலைப் பார்க்கும் அவசரம். "எல்லாம் அத்தைதாம்மா, நீ போனைத் திருப்பு" என்றேன்.

திருப்பினாள். கீழே நீலமாகக் கடல். அதன் ஓரத்தில், சோப்புக்கட்டி அளவுக்கு அவள் கப்பல். பார்த்துக்கொண்டே இருந்தபோது நீளமாக ஊதியது.

"அம்மா, கூப்பிடுறாங்க! ஓடு!"

அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறையும் ஊதியது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் மெல்லியதாகத் தண்ணீர் தெரிந்தது. அது அகலமாகிக்கொண்டே போனது.

"கப்பல் போவுதும்மா!"

"போவட்டும் பாப்பா."

குரலில் பதற்றமே இல்லை. நான் குதித்தேன், கை தட்டினேன். மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, "அம்மா கப்பலை விட்டுட்டாங்க! வீட்டுக்கு வந்துடுவாங்க!" என்று கத்தினேன். அப்பா போனைப் பிடுங்கினார்.

"பாஸ்போர்ட் எங்க?"

"கப்பல்ல. அவங்கதான வாங்கி வெச்சிருப்பாங்க."

"அப்புறம் எப்படி வருவ?"

அம்மா அவரையே பார்த்தாள். அப்புறம் திரை அணைந்துவிட்டது. அப்பா திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. அத்தை கழுவ எடுத்த தட்டுகளோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவர்களுக்குச் சந்தோஷம் வந்தால்கூட இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் செய்தி சொல்லப் போனேன். எதிர்வீட்டு அக்கா என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, எங்கள் வாசலையே கவலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீபத்தன்று ஊரே வெளியூர்க்காரர்களால் நிரம்பி வழிந்தது. வந்து இறங்கிய எல்லாக் கூட்டத்திலும் அம்மாவைத் தேடினேன். மலைமேல் தீபம் ஏறியபோது தெருவே மாடிகளில் நின்று கும்பிட்டது. அப்பா மட்டும் மாடிக்கு வரவில்லை.

பிறகு எப்போதாவது, புதுப்புது எண்களிலிருந்து அம்மா பேசினாள். யாரோ ஒரு மூதாட்டியை வீட்டோடு இருந்து கவனித்துக்கொள்வதாகச் சொன்னாள். அங்கே இருக்கப் பேப்பர் கிடைத்ததும் வந்து பார்ப்பேன் என்றாள். நான் கல்லூரி முடித்துவிட்டேன். பேப்பர் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்ததா என்று கேட்பதையும் நான் நிறுத்திவிட்டேன். இரண்டு பேருக்கும் அதுதான் சௌகரியமாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்த உலகத்தில், பஸ்ஸை விட்டவர்கள் வீட்டுக்குத்தான் திரும்பி வருவார்கள். அம்மாவை எங்களிடமிருந்து கொண்டுபோனது கப்பல் என்பது மட்டும் அந்த வயதில் எனக்குப் புரிந்திருந்தது. அவளைத் திருப்பிக் கொண்டுவந்து விட இருந்ததும் அதே கப்பல்தான் என்பது தெரியவில்லை.