பவுடர் மணத்த பிரிண்டர்

1. சனிக்கிழமை வந்த போன்

கடையைத் திறந்து விளக்குப் போடும் முன்பே போன் அடித்தது.

"அண்ணாச்சி, நேத்து சரி பண்ணிட்டுப் போனீகள்ல அந்தப் பிரிண்டர், இன்னிக்கு ஒரு தாளைக்கூட இழுக்க மாட்டேங்குது."

பேசியவர் ஆமத்தூர் செல்வி. விருதுநகரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் சர்வீஸ் பார்த்த காலம் அது. வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வரத் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்து மெசின்களுக்கென்று தனி நோய்கள் உண்டு. பட்டாசு ஆலையை நாங்கள் பயராபீஸ் என்போம். அங்கே கணக்கு எழுதும் அறையின் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் சில்வர் பவுடர் கொட்டும். ஒரு வீட்டில் யு.பி.எஸ். அடிக்கடி கத்துகிறது என்று போய்ப் பார்த்தால், அதில் மிக்சி சொருகியிருந்தது. "கரண்டு போனா சட்னி பாதியில நின்னுருது சார்" என்றார் வீட்டுக்காரர். இதற்கெல்லாம் பழகிவிட்டேன். ஆனால் முந்தின நாள் சரிசெய்த பிரிண்டர் மறுநாளே படுத்துக்கொள்வது எனக்குப் பழக்கமில்லை.

முதலாளிக்கும் பிடிக்கவில்லை. "ஏய்யா, ஒரே வீட்டுக்கு எத்தனை தடவை போவ? அங்கன சாப்பாடு நல்லா இருக்கோ?" என்றார்.

"டீ மட்டும்தான் குடுத்தாக, முதலாளி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

2. திங்கட்கிழமை வேன்

செல்வி பயராபீஸில் திரி வெட்டும் வேலை பார்த்தவர். கணவர் பாண்டி சிவகாசி அச்சகம் ஒன்றில் ஆஃப்செட் மெசின் ஓட்டுபவர். தெருமுனைக்குத் தினமும் காலையில் வரும் ஆலை வேனில் இனி ஏறக்கூடாது என்ற முடிவோடு செல்வி டைப்பிங் படித்து, வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரும் இங்க்ஜெட் பிரிண்டரும் வைத்திருந்தார். முதல் பெரிய ஆர்டர் பாலிடெக்னிக் மாணவர்களின் பிராஜெக்ட் ரிப்போர்ட். திங்கட்கிழமை காலை கொடுத்தாக வேண்டும்.

"போர்மேன் சொல்லி விட்டுருக்காரு அண்ணாச்சி. திங்கக்கிழமை வேனுக்கு வரலைன்னா என் இடத்துக்கு வேற ஆள் போட்டுருவாகளாம். இந்த ஆர்டர் நல்லபடியா முடிஞ்சா மத்த பிள்ளைகளும் இங்கனதான் வரும். முடியலைன்னா நான் வேனுக்குத்தான் போகணும்."

மூடியைத் திறந்தேன். தாளைப் பிடித்து உள்ளே இழுக்கும் ரப்பர் ரோலர், வெள்ளிக்கிழமை நான் ஈரத்துணியால் துடைத்துக் கறுப்பாக விட்டுப்போனது, மறுபடியும் வெளுத்திருந்தது. விரல் வைத்தால் வழுக்கியது. ரோலர் வழுக்கினால் தாள் நகராது. தாளே இல்லை என்று நினைத்து மெசின் நின்றுவிடும். அதுவரை புரிந்தது. வெள்ளை எங்கிருந்து வந்தது என்பதுதான் புரியவில்லை. விரலை மூக்கருகே கொண்டுபோனேன். மல்லிகை வாசனை.

"வீட்ல குழந்தைக இருக்காம்மா?"

"இல்லையே அண்ணாச்சி."

துடைத்து, புதுக்கட்டைப் பிரித்து ஒரு தாள் வைத்தேன். டெஸ்ட் பேஜ் பிசகில்லாமல் வந்தது. வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் வந்தது. அதை நம்பித்தான் கிளம்பியிருந்தேன். இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நான் தொட மாட்டேன். தினம் எப்படிப் பேப்பர் வைக்கீகளோ அப்படியே வைங்க."

"பேப்பர் வைக்கிறது இவுகதான். ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் மறுநாளைக்குள்ளதை ரெடி பண்ணி வச்சிருவாக" என்று உள்ளே திரும்பி, "ஏங்க, இங்கன வாங்க!" என்றார்.

3. மெசின்மேன் கை

பாண்டி வந்தார். தாள் கட்டை எடுத்து ஒரு முனையைப் பிடித்து விரித்தார். சீட்டுக்கட்டு மாதிரி சரசரவென்று விரிந்தது. காற்று விட்டு, மேசையில் இரண்டு தட்டுத் தட்டி நேராக்கினார். தொழில் கை. நான் ரசித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் அலமாரிக்குக் கை நீட்டி, முகப்பவுடர் டப்பாவை எடுத்து, விரித்த தாள்களின் மேல் தாராளமாகத் தூவினார்.

"அண்ணே, என்ன பண்றீக?"

"பவுடர் போடாட்டி ஈர மை அடுத்த தாளோட முதுகுல ஒட்டிரும்ல சார்? எங்க மெசின்ல அதுவே அடிச்சிக்கிரும். இந்தக் குட்டி மெசின்ல அதுக்கு வழியே வைக்கல. அதான் முன்கூட்டியே போட்டு வைக்கிறேன்."

செல்வி டப்பாவைப் பிடுங்கினார். "அடப்பாவி மனுசா! மாசக்கணக்குல வர்ற டப்பா ஒரு வாரத்துல காலியாகுதேன்னு உங்க தங்கச்சியைல்ல சந்தேகப்பட்டேன்!"

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னுதானே பண்ணேன்" என்றார் பாண்டி. முகம் சுருங்கிவிட்டது. மனைவியின் வேலை கெடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது, அதையே கெடுத்திருந்தது.

இந்த மை தாளிலேயே ஊறிக் காய்ந்துவிடும், பவுடர் தேவையில்லை என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. ஒரு பக்கம் அடித்து, கொஞ்சம் பொறுத்து, விரலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். தேய்த்தார். விரலைப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எனக்கு இதுல வேலையே இல்லையா சார்?"

"காத்து விட்டு வைக்கிறீகளே, அதை விட்ராதீக. ரெண்டு தாள் சேர்ந்து இழுக்காம இருக்கும்."

"கேட்டுக்கிட்டீகளா? காத்து மட்டும்" என்றார் செல்வி.

பவுடர் பட்ட தாள்களைத் தனியே எடுத்து வைத்தோம். உள்ளே தங்கியிருந்ததையும் துடைத்தெடுத்தேன். ரிப்போர்ட் வரத் தொடங்கியது. பாண்டி ஒவ்வொரு தாளாக வாங்கி, நம்பிக்கை போதாமல், கட்டிலில் பரப்பிக் காயவைத்தார். தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

4. நான் மாற்றிக்கொண்டது

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் ஸ்க்ரூடிரைவரை முதலில் எடுப்பதில்லை. "தினம் செய்யிற மாதிரி ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். பாதிப் பழுது அங்கேயே தெரிந்துவிடும். புதிதாக சர்வீஸுக்கு வருகிறவர்கள் இதை ஒரு மாதம் செய்து பார்க்கலாம். மெசினை மட்டும் சோதித்தால் அது நம் முன்னால் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

அடுத்த வருடம் கார்ட்ரிட்ஜ் கொடுக்க ஆமத்தூர் போனேன். ஆலை வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. செல்வி திரும்பிக்கூடப் பார்க்காமல் டைப் செய்துகொண்டிருந்தார். மேசையில் இப்போது இரண்டு பிரிண்டர்கள். பக்கத்தில் பாண்டி தாளுக்குக் காற்று விட்டுக்கொண்டிருந்தார்.

"பவுடர் எங்கம்மா?" என்று கேட்டேன்.

செல்வி இடுப்பிலிருந்த பீரோச் சாவியைத் தட்டிக் காட்டினார்.