நெல் மூட்டையும் என் தொடையும்

முப்பத்து மூன்று வருஷம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு பரிணாமக் காரணம் சொல்லியாக வேண்டும். மாடவீதியில் காய்கறிக் கூடைக்குள் மூக்கை நுழைக்கும் மாட்டைப் பார்த்தாலும் சொல்வேன், கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்பவரைப் பார்த்தாலும் சொல்வேன். என் மனைவி இந்த வியாதியோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அவளுக்குக் கோயில் கட்டலாம்.

ஓய்வு பெற்ற பிறகு என் தொப்பை எனக்கு ஓரடி முன்னால் நடக்க ஆரம்பித்தது. மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட் இரண்டாம் மாடி. ஏறும்போது தொடை கடுத்தது. அதற்கும் என்னிடம் விளக்கம் தயாராக இருந்தது. ஆதி மனிதனுக்கு அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயமில்லை. கிடைத்தபோது தின்று கொழுப்பாகச் சேர்த்து வைத்தவன் பஞ்சத்தைத் தாண்டினான், நாம் அவனுடைய வாரிசுகள். தசை அப்படியில்லை. சும்மா படுத்திருந்தாலும் அது சோறு கேட்கும். வேலை செய்யாத தசையை வைத்துக்கொண்டு தண்டச்சோறு போட உடம்புக்குப் பைத்தியமா? கழற்றிவிடும். அதோடு, பிள்ளை பெற்று ஆளாக்கும் வயது வரைக்கும்தான் இயற்கைத் தேர்வின் கண் நம்மேல் இருக்கும். அதற்குமேல் நாம் எப்படிப் போனாலும் அது திரும்பிப் பார்க்காது. ஆகவே அறுபது வயதில் தொப்பை விழுவதும் தொடை சூம்புவதும் என் குற்றமில்லை.

"அந்த ஆதி மனுஷன் தட்டு நெறைய கைமுறுக்கை வெச்சுண்டு டிவி முன்னாடி உக்காந்தானா?" என்று கேட்டாள் மனைவி.

நான் சொன்னதில் பாதி ஊகம் என்பது எனக்கே தெரியும். பழைய பஞ்சத்தை யாரும் திரும்ப நடத்திப் பார்க்க முடியாது. வகுப்பில் அதைத் தவறாமல் சொல்வேன். வீட்டில் மட்டும் சொல்ல மறந்துவிடுவேன்.

எங்களுக்கு ஒரே பெண். முப்பது வயதுவரை கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். ஒருநாள் அவளாகவே வந்து, கூட வேலை பார்க்கும் ஆதம்பாக்கத்துப் பையனைப் பற்றிச் சொன்னாள். வைகாசியில் முகூர்த்தம், அதற்கு முன்னால் தை மாதத்தில் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று.

எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா ஒரு நெல் மூட்டையின் மேல் உட்கார, அவர் மடியில் பெண் உட்கார, எதிரே நின்று மாப்பிள்ளை கட்டுவான். பொம்மைக் கல்யாணம் மாதிரி சின்னப் பெண்களைக் கட்டிக்கொடுத்த காலத்தில் வந்த வழக்கம். இப்போது பெண்களுக்கு முப்பது வயது, அப்பாக்களுக்கு அறுபத்திரண்டு. பலர் மூட்டையை விட்டுவிட்டு நாற்காலிக்கு மாறிவிட்டார்கள். என் பெண் மட்டும், "எனக்கு சேர் வேண்டாம்பா. மூட்டைதான் வேணும். உன் மடில உக்காந்து எத்தனை வருஷமாச்சு" என்றாள். சொல்லிவிட்டுப் போனில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சரி என்று தலையாட்டினேன்.

நிச்சயதார்த்தத்தன்று மாட்டிக்கொண்டேன். லக்னப் பத்திரிகை வாசிக்கும்வரை ஜமக்காளத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தேன். தட்டு மாற்ற எழுந்திருக்க வேண்டும், முடியவில்லை. ஒரு கையை ஊன்றினேன், இரண்டு கையையும் ஊன்றினேன், பிறகு குழந்தைபோல மண்டியிட்டேன். கடைசியில் என்னைவிட இரண்டு வயது மூத்த சம்பந்தி கைகொடுத்துத் தூக்கிவிட்டார். போட்டோகிராபர் அதையும் படம் எடுத்துவிட்டான்.

எல்லாவற்றுக்கும் தொப்பைதான் காரணம் என்று அன்றே தீர்மானித்தேன். எங்கள் வீட்டில் ஏகாதசி, அமாவாசை ராத்திரிகளில் சோறு கிடையாது, பலகாரம்தான். இரண்டு இட்லியோ கொஞ்சம் உப்புமாவோ. அதைத் தினமும் ஆக்கிக்கொண்டேன். பத்து நாளில் இட்லியும் போய் வெறும் மோர் ஆயிற்று. விரதத்தில் வளர்ந்த உடம்பு, பட்டினி அதற்குப் புதிதா என்ன? முன்னோர்கள் பசித்திருந்தார்கள், நானும் பசித்திருக்கிறேன் என்று மனைவிக்கு ஒரு வகுப்பே எடுத்தேன்.

பங்குனிக்குள் ஏழு கிலோ இறங்கியது. மாடவீதியில் எதிர்ப்பட்டவர்களெல்லாம், "பத்து வயசு கொறஞ்சுடுத்தே" என்றார்கள். தி. நகரில் கல்யாணத்துக்கு வேட்டி எடுக்கப் போனபோது கடைக் கண்ணாடியின் முன் நின்று நான் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்ததை மனைவி இன்றும் நடித்துக் காட்டுகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாற்றிலிருந்து என் மைத்துனன் வந்திருந்தான். மனைவியின் தம்பி. ஐம்பத்தைந்து வயதிலும் ஜிம்முக்குப் போகிறவன். பேச்சு மூட்டைக்குப் போயிற்று. ஒத்திகை பார்த்துவிடலாம் என்று அரிசி மூட்டையைக் கூடத்துக்கு இழுத்து வந்தான். நான் உட்கார்ந்தேன், பெண் சிரித்துக்கொண்டே வந்து என் மடியில் உட்கார்ந்தாள். என் தொடைகள் வெடவெடவென்று நடுங்கின. முட்டியை நிறுத்திப் பிடிக்க முடியவில்லை. கால்கள் இரண்டும் அகன்று போக, இரண்டு பேரும் மெதுவாகச் சரிந்து தரையில் கிடந்தோம்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஒண்ணும் கவலைப்படாதீங்கோ அத்திம்பேர், அன்னிக்கு நான் வேணா மடில வெச்சுக்கறேன்" என்றான் மைத்துனன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். எனக்கு அவனை அந்த அரிசி மூட்டையாலேயே அடிக்கலாம் போலிருந்தது.

அதைவிட வலித்தது சாயங்காலம் பெண் சொன்னது. "சேரே போறும்பா. யோசிச்சுப் பாத்தா சேர்தான் போட்டோல நன்னா இருக்கும்." அவள் பொய் சொல்லும்போது காது மடலைத் தடவுவாள். தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நான் பேப்பரைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பதினாறு வருஷமாக வேலை செய்யும் அம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். அடையாற்றங்கரையில் இருந்தவர்களைச் செம்மஞ்சேரிக்கு மாற்றியபோது அங்கே போனவள். விடிவதற்கு முன்பே கிளம்பி இரண்டு பஸ் மாறி வருகிறாள். முந்தின நாள் நடந்தது முழுவதும் மனைவி மூலம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இன்னா சார், உம்முனு கீற?" என்றாள்.

"ஏழு கிலோ குறைச்சும் பிரயோஜனம் இல்லையே" என்றேன்.

அவள் திரும்பி என்னை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "தொப்ப எங்க சார் கொறஞ்சிது? அது அப்டியேதான் கீது. காலுதான் பூட்ச்சி."

குனிந்து பார்த்தேன். வேட்டிக்குக் கீழே இரண்டு மூங்கில் குச்சி. முப்பத்து மூன்று வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டினி போட்டால் உடம்பு பஞ்சம் வந்துவிட்டது என்று நினைக்கும். செலவு வைக்கிறவனை, அதாவது தசையை, வெளியே அனுப்பப் பார்க்கும். அவனுக்கு வேலையும் இல்லை, சோறும் இல்லை என்றால் கேட்கவே வேண்டாம். இத்தனையும் தெரிந்த விலங்கியல் பேராசிரியன் ஏகாதசியைத் தினசரி ஆக்கிக்கொண்டு தன் தொடையைத் தானே தின்றிருக்கிறான். வெட்கமாக இருந்தது. சொல்லப்போனால் கோபமாகவும் இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"நீ எப்படிக் குந்தி எழுந்திருக்கிறே?" என்று கேட்டேன்.

"எப்டின்னா? குந்துவேன், எந்திரிப்பேன். நாளிக்கி நூறு தபா. மாடிப்படி கூட்டணும், பஸ்ஸுல நின்னுகினே வரணும். குந்தாம உட்டா எனக்கும் பூடும் சார்." கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை ஸ்டூலை என் முன்னால் வைத்தாள். "கை ஊனாம எந்திரி, பாக்கலாம்."

மூன்று தடவை எழுந்தேன். நாலாவது தடவை அவளே, "போதும் சார், நாளிக்கி அஞ்சு" என்றாள்.

அன்றிலிருந்து அவள் வீடு பெருக்கும் நேரம் என் உடற்பயிற்சி நேரம் ஆயிற்று. அவள் பெருக்கிக்கொண்டே எண்ணுவாள். நான் அரைகுறையாக எழுந்தால் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டாள். "அது செல்லாது சார்" என்பாள், என் பக்கம் திரும்பாமலே. மோர் நின்றது. முட்டை சாப்பிடலாம் என்று எங்கள் டாக்டர் சொன்னதை நான் வாயெடுத்துச் சொல்வதற்குள், "ஆத்துக்குள்ள அது வரப்டாது" என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதற்கு ஈடுகட்ட அடையும் சுண்டலும் பயறுமாகச் செய்து தள்ளினாள். இரண்டாம் மாடிக்கு அரிசியையும் பருப்பையும் நானே தூக்கினேன். சித்திரை முடிவதற்குள் பத்து கிலோ பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து எழுந்தேன். எடை மூன்று கிலோ ஏறியிருந்தது. "மறுபடி பூசினாப்ல ஆயிட்டேளே" என்றார்கள் மாடவீதியில். நான் பருப்புப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன்.

பெண்ணிடம் நேரடியாகவே சொன்னேன், "சேர் வேண்டாம். மூட்டை போடச் சொல்லியாச்சு."

"வேண்டாம்பா. நான் கனம்."

"எனக்குத் தெரியும்."

முகூர்த்தத்தன்று மண்டபத்தில் நிஜமான நெல் மூட்டையே போட்டிருந்தார்கள். சாஸ்திரிகள் ஒரு நாற்காலியையும் தூண் ஓரமாக வைத்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. மைத்துனன் எனக்குப் பின்னால் ஓரடி தள்ளி நின்றுகொண்டான், அதுவும் எதற்கும் இருக்கட்டும் என்றுதான். வேலை செய்யும் அம்மாள் பச்சைப் பட்டுப் புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் கை ஊன்றாமல் மூட்டையின் மேல் இறங்கி உட்கார்ந்தபோது அவள் தலையை லேசாக ஆட்டினாள்.

ஒன்பது கஜக் கூறைப்புடவையில் என் பெண் வந்து மடியில் உட்கார்ந்தாள். என் கால் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கனமே தெரியவில்லை. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பாடு என்று நினைத்தேன்.

அப்புறம்தான் புரிந்தது. நடுங்கியது அவள் தொடை. பாதம் இரண்டையும் தரையில் அழுத்தி ஊன்றி, உட்கார்ந்ததுபோல் காட்டிக்கொண்டு, தன் கனத்தை முழுவதும் தானே தாங்கிக்கொண்டிருந்தாள். புடவை மறைத்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"நன்னா உக்காரும்மா" என்றேன் அவள் காதில்.

"உக்காந்துண்டுதான்பா இருக்கேன்." கை காது மடலுக்குப் போயிற்று.

"இல்லை. முழுசா உக்காரு. அப்பா தாங்குவேன்."

அவள் ஒரு கணம் அசையவில்லை. மாப்பிள்ளை தாலியை எடுத்துக்கொண்டு குனிந்தான். கெட்டிமேளம் கிளம்பியது. அந்தச் சத்தத்தில் என் பெண் பாதத்தின் அழுத்தத்தை விட்டாள். முதுகு என் மார்பில் சாய்ந்தது. பிறகு கனம் முழுவதும் வந்து இறங்கியது. நன்றாகவே கனமாக இருந்தாள். என் தொடைகள் பிடித்துக்கொண்டன. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும் என்று நான் நினைப்பதற்குள், நாத்தனாராக நின்ற மாப்பிள்ளையின் தங்கை மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டாள்.