ஜெசீகாவின் மூன்று நிமிடம்

கைபேசியில் நேரத்தை ஓடவிட்டுக் கித்தாரை மீட்டுகிறாள் ஜெசீகா. பாட்டு மூன்று நிமிடம் ஐந்து விநாடியில் முடிகிறது. "ச்சே! மூணு நிமிஷத்தத் தாண்டுனா அது பாட்டில்ல, பிரசங்கம்" என்று தன்னையே திட்டிக்கொண்டு ஒரு வரியை வெட்டுகிறாள்.

வயது இருபத்தேழு. இலங்கை மலையகத்துப் பதுளையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வந்தவர் சுவரிலுள்ள எழுத்துகளை வாசிக்கத் திணறும்போதும் இவளுடைய விரல்கள் மேசையில் தாளம் போடும். முதலாளி முறைத்தால் நிறுத்துவாள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் தொடருவாள்.

இவளுக்கு உயிர் பவர் பொப் என்ற பாட்டு வகை. அதன் வரலாற்றை தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டு வம்பு போலச் சொல்வாள். அறுபதுகளில் இங்கிலாந்துப் பையன்கள் மின்கித்தாரை அலறவிட்டு, அதன்மேல் இனிப்பான மெட்டை ஏற்றினார்கள். எழுபதுகளில் மற்றவர்கள் ஒரே பாட்டை அரைமணி நேரம் இழுத்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் சிலர் அந்தச் சின்னப் பாட்டுக்கே திரும்பினார்கள். முதலில் யாரும் சீந்தவில்லை. அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் வானொலியெல்லாம் அதுவே.

"அவனுங்கள்ல பாதிப்பேரு கூலிக்காரன் வீட்டுப் புள்ளைங்கதான். சுரங்கத்தப் பத்தியா பாடுனானுங்க? பொண்ணுங்களப் பத்தித்தானே பாடுனானுங்க!"

இவளும் அப்படித்தான். பசறை பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்தவனைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறாள். மாதா கோயில் பாடகர் குழுவில் பழகிய மூன்று குரல் அடுக்கு அதில் இருக்கிறது. கேட்டால் கால் தானாக ஆடும். ஆனால் மேடை கிடைக்கவில்லை. நம் விழாக்காரர்களுக்கு மலையகப் பெண் என்றால் அழ வேண்டும். அவள் பஸ்ஸில் ஒருவனைப் பார்த்துச் சிரித்தாள் என்றால் இவர்களுக்குப் பொறுக்காது.

போன வருடம் ஒரு விழாவில் தேயிலைக் கூடையை முதுகில் மாட்டி ஒப்பாரி பாடச் சொன்னார்கள். "அப்புறம் ஒன் பாட்டு" என்றார்கள். நம்பிப் பாடினாள். அப்புறம் வரவேயில்லை, படம் மட்டும் பத்திரிகையில் வந்தது. நமுனுகுலத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அவளுடைய அம்மா இருதயம்மா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை.

இந்த வருடமும் அதே விழா. தன் பாட்டுக்குத்தான் இடம் என்று உறுதி வாங்கியிருந்தாள். அம்மா வேலைக்குப் போகாமல், கோயில் சேலை கட்டி இரண்டாம் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். இவளுடைய பெயரைக் கூப்பிடும் நேரத்தில் அமைப்பாளர் புத்தம்புதுக் கூடையோடு மேடையோரம் வந்து நின்றார்.

"தங்கச்சி, இத மாட்டிக்கிட்டு அதே ஒப்பாரி. கித்தார் வேணாம்."

"எங்கம்மாவே கூடைய விட்டு எத்தனையோ வருஷமாச்சுங்க. இப்ப நைலோன் பைதான். தெரியுமா ஒங்களுக்கு?"

"படத்துக்கு நல்லாருக்கும்மா. முடியாட்டிச் சொல்லு, அடுத்த ஆளக் கூப்புடுறேன்."

அவளுக்கு டிரம் அடிக்கும் ஆகில் மெதுவாக, "மாட்டிக்கிங்கக்கா, பிறகு நம்ம பாட்டக் கேட்டுப் பாப்போம்" என்றான்.

"போன வருஷமும் இதத்தான் சொன்ன."

மேடையில் அவள் பெயரை வாசித்தார்கள். ஜெசீகா கூடையை வாங்கினாள். அமைப்பாளரின் முகம் மலர்ந்தது. அவள் கூடையை அவர் முதுகிலேயே போட்டு, கயிற்றை அவர் தலையில் மாட்டி, இழுத்துச் சரிசெய்தாள். "ஒங்களுக்கு எடுப்பா இருக்குங்க, அப்படியே நில்லுங்க" என்றாள். பிறகு நேரே மேடைக்குப் போய், கித்தார் வயரைச் செருகி, சத்தக் குமிழை அதற்குமேல் திரும்பாது என்கிற இடம்வரை திருகினாள்.