பிள்ளையாருக்குப் பின்னால் இருந்தவை

அந்தக் கோடை விடுமுறை முழுவதும் அக்கா புத்தலப்பட்டிலிருந்து சித்தூருக்கு டிசைன் கற்றுக்கொள்ளப் போனாள். நான் அவளுக்குத் துணை. அவளுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பதினொரு வயதுப் பெண் எதிலிருந்து காப்பாற்றுவாள் என்று வீட்டில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கற்றுக்கொடுத்தவர் எங்களுக்குப் பெரியப்பா முறை. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். அவற்றில் படம் வரைகிற மென்பொருளில் முதல் கருவி அம்புக்குறி. எதை மாற்றுவதானாலும் அதனால் தொட்டுத் தேர்ந்தெடுத்த பிறகுதான். செவ்வகக் கருவியை அப்படியே இழுத்தால் செவ்வகம், கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் சதுரம். கோட்டின் மேலுள்ள புள்ளியைப் பிடித்து இழுத்தால் கோடு வளையும். கடைசியாக வரைந்தது எல்லாவற்றுக்கும் மேலே நின்று, அடியில் இருப்பதை மறைக்கும். நான் இவற்றை நோட்டில் எண் போட்டு எழுதிக்கொண்டேன். அக்கா எதையும் எழுதவில்லை.

அவளுக்கு அம்மாவின் தம்பியோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாமா நல்லவர். வெதுருகுப்பத்தில் நிலமும் ஒரு டிராக்டரும் வைத்திருந்தார். கல்யாணம் வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்றுதான் நைனா அவளை அனுப்பினார். பயிற்சியின் முடிவில் தன் கல்யாணப் பத்திரிகையை அவளே வரைய வேண்டும் என்று ஏற்பாடு.

“தன் பத்திரிகையத் தானே போட்டுக்கிற பொண்ணு நம்ம ஜில்லாலயே இல்லமா” என்று பெரியப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மஞ்சள் பின்னணியில் அக்கா ஒரு பிள்ளையார் வரைந்தாள். வயிறு ஒரு பெரிய நீள்வட்டம். தும்பிக்கைக்கு மட்டும் பதினான்கு புள்ளிகள், நான் எண்ணினேன்.

எனக்கு அப்போது தெரியாத செய்தி ஒன்று இருந்தது. பெங்களூரில் ஒரு டிசைன் ஆபீசுக்கு ஆள் எடுக்க, சனிக்கிழமை திருப்பதிக்கு வருகிறார்கள். செய்த வேலைகளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வேலை கையில் இருந்தால் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிவைக்கும்படி மாமாவையே கேட்டுவிடலாம் என்று அக்கா நினைத்திருந்தாள். பெரியப்பா கால் மணிக்கு ஒருமுறை வந்து திரையைப் பார்ப்பார். பார்த்தது அன்று மாலையே நைனாவுக்குப் போகும். ஆகவே தன் மாதிரிகளைச் சிறிதாக்கி, பிள்ளையாரின் வயிற்றுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை அவள் பத்திரிகைக் காகிதம் பார்க்க வெளியே போனாள். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். “பின்னாடி கண்ணுக்குத் தெரியாம குப்பை கெடக்கும். வயர்ஃப்ரேம் போட்டுப் பாத்து அழிச்சிட்டுத்தான் பிரிண்டுக்கு அனுப்பணும்” என்று பெரியப்பா முதல் நாளே சொல்லியிருந்தார். போட்டேன். நிறங்கள் போய், எல்லாம் வெறும் கோடுகளாயின. பிள்ளையாரின் வயிற்றுக்குள் ஒரு சோப்பு உறை, மாம்பழ ஜூஸ் பாட்டிலின் லேபிள், ஒரு லெட்டர்பேட், இங்கிலீஷில் அக்காவின் பெயர். அம்புக்குறியால் ஒவ்வொன்றாகத் தொட்டு அழித்தேன். சேவ் செய்தேன். நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது பிள்ளையார் முன்போலவே இருந்தார். வெள்ளிக்கிழமை அக்கா அதை ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை ரவிக்கைத் துணி எடுக்க என்று சொல்லிவிட்டுத் திருப்பதிக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடி அறை. அங்கிருந்தவர் ஃப்ளாப்பியைப் போட்டுத் திறந்தார்.

“ஏமம்மா, இதி பெள்ளி பத்ரிக கதா?” கல்யாணப் பத்திரிகை ஆயிற்றே என்று தெலுங்கில் கேட்டார்.

அக்கா சிரித்துக்கொண்டே பிள்ளையாரைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள். வெறும் மஞ்சள். பிள்ளையாரை இன்னும் நகர்த்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இதுக்குப் பின்னாடி இருந்ததெல்லாம் எங்கடி?”

“நான்தான்கா அழிச்சேன். எல்லாம் சுத்தம் பண்ணி சேவ் பண்ணிட்டேன்.”

“நீங்க தமிழாம்மா?” என்று அவர் தமிழுக்கு வந்தார். பிள்ளையாரைத் திரை நிறையப் பெரிதாக்கிப் பார்த்தார். “தும்பிக்கை சூப்பரா வந்திருக்குது. கோடு எங்கயும் உடையலயே.” அப்புறம் பத்திரிகையிலிருந்த பெயரைப் படித்தார். அக்கா கொடுத்திருந்த விண்ணப்பத்தையும் படித்தார்.

“பொண்ணு நீங்கதானா?”

“ஆமா சார்.”

“அடுத்த மாசமே இருக்குதே.”

“தள்ளி வெச்சிக்கலாம் சார். நான் கேக்கறேன்.”

“பத்திரிகை வரைக்கும் வந்துட்ட கல்யாணத்த யாருமா தள்ளி வெப்பாங்க? நல்லபடியா முடிச்சிக்கினு வாங்க. வூட்டுக்காரர் அனுப்பினா பாக்கலாம்.” ஃப்ளாப்பியை எடுத்து, வாழ்த்துச் சொல்லி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன்: “அவரு சூப்பருன்னாரு இல்லக்கா?”

“சொன்னாரு. நீ சன்னல் பக்கம் வா.”

சன்னல் பக்கத்துக்காக எந்தப் பயணத்திலும் நாங்கள் சண்டை போடாமல் இருந்ததில்லை. அன்று அவளே எழுந்து இடம் விட்டாள். சந்திரகிரிக் கோட்டையைப் பார்த்தேன். பாகாலாவில் ரயில் ஒன்று நின்றிருந்தது. பெட்டிகளை எண்ணினேன், பதினேழு. இவ்வளவு சுலபமாக அந்த இடம் கிடைத்ததே என்ற சந்தோஷத்தில், புத்தலப்பட்டு வரும்வரை ஒருமுறைகூட நான் அவள் பக்கம் திரும்பவில்லை.