விரிந்துபோன முள்

தூண்டில் முள்ளை ஜன்னல் கம்பியில் மாட்டி, அதன் காதைக் குறடால் பிடித்து, ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து இழுப்பான் என் தம்பி. அவனை நினைத்தால் முதலில் வருவது இந்தக் காட்சிதான். முகம் சிவந்து கழுத்து புடைக்கும். முள் வாய் பிளந்துவிட்டால் நேரே குப்பையில் போடுவான். தாங்கி நின்றால் அதைக் கையில் எடுத்துக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பார்ப்பான். கூர்மை போதாத முள் நகத்தின் மேல் வழுக்கிப் போய்விடும். கூரான முள் லேசாகக் கீறி நிற்கும். நின்றால், "ஆங், இது ஆவும் பாவா" என்று என் கணவரிடம் நீட்டுவான்.

திருத்தணியில் இருந்துகொண்டு கடல் மீனுக்குத் தூண்டில் கட்டுகிறவர்களை அக்கம்பக்கத்தில் வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். என் கணவர் லாரி ஓட்டியவர். எண்ணூர் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோனால் இறக்குவதற்கு வரிசையில் காத்துக் கிடக்க வேண்டும். அப்படிக் காத்துக் கிடந்த காலத்தில், கடலுக்குள் நீளமாகக் கொட்டி வைத்திருக்கும் பாறாங்கற்களின் மேல் நின்று தூண்டில் வீசுகிறவர்களோடு பழகி அந்தப் பைத்தியம் பிடித்தது. அரக்கோணம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த என் தம்பியையும் அதில் இழுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் லோக்கலில் இவர் இங்கே ஏறுவார். அரக்கோணத்தில் அவன் ஏறும்வரை பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டு வைத்திருப்பார். பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டி மாறி இருவரும் எண்ணூர் போவார்கள்.

ஜிக் என்று அவர்கள் சொல்வது மீன் மாதிரி வார்த்த ஈயத்துண்டு. வெள்ளி பெயிண்ட் அடித்து, கண் எழுதி, தலைப்பக்கம் முள்ளைக் கட்டினால், தண்ணீருக்குள் அது துள்ளும்போது பெரிய மீன் இரை என்று நினைத்துப் பாய்ந்து கவ்வும். ஈயம் வார்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் என் கணவர். முள் மட்டும் தம்பியின் பொறுப்பு. பாரிமுனையில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்குப் போனால் ஒரு முள்ளுக்காக அரை நாள் நிற்பான். கம்பி தடியாக இருந்தால் மட்டும் போதாது. வளைவை இரண்டு பக்கமும் அடித்துத் தட்டையாக்கியிருக்க வேண்டும், அப்போதுதான் விரியாது. ரொம்பவும் கெட்டியாக இருந்தால் பட்டென்று ஒடியும். காதில் இடைவெளி இருந்தால் தூண்டில் நரம்பை அறுத்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊற வைத்து வெயிலில் காயவிட்டுத் துரு ஏறுகிறதா என்று பார்ப்பான். இவ்வளவும் முடிந்த பிறகு கலர் நூல் சுற்றி, கோழி இறகு வைத்துக் கட்டுவான். மைத்துனர்கள் இருவரும் குழந்தைகளைப் போலக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். சோறு போட்டு எத்தனை முறை கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

என் கணவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு லாரியை விட்டார், பீடியை விட்டார். கடலை மட்டும் விடமாட்டேன் என்றார். டாக்டர் கனமான எதையும் தூக்காதே, இழுக்காதே என்று சொல்லியிருந்தார். நான் கத்திப் பார்த்தேன், பேசாமல் இருந்து பார்த்தேன். கடைசியில் தம்பிதான், "நான் கூட இருக்கறேன்க்கா, நீ பயப்படாத" என்றான். அந்த ஒரு வார்த்தையில் மனத்தைத் தேற்றிக்கொண்டு அனுப்பினேன்.

அடுத்த மாசி மாதத்தில் ஒருநாள் இருவரும் வழக்கத்தைவிடச் சீக்கிரமே திரும்பி வந்தார்கள். என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்கு வந்து கையில் இருந்ததைத் தரையில் வீசினார். ஜிக். அதில் இருந்த முள் முள்ளாகவே இல்லை. வளைவு முழுக்க நிமிர்ந்து ஆணி மாதிரி கிடந்தது.

"ஆள் ஒசரம் பாறை மீனுடி! கல்லு வரிக்கும் இஸ்துகினு வந்துட்டேன். கண்ணால பாத்தேன். இது விரிஞ்சிகினு போயிடுச்சி!" என்றவர் தம்பி பக்கம் திரும்பினார். "இது முள்ளா? குண்டூசி! ஒர்க்‌ஷாப்புல இத்தினி வருசம் இன்னாத்த கிழிச்ச நீ? இரும்பு தெரியாதவனுக்கு எவன்டா ஃபிட்டர் வேல குடுத்தான்?"

தம்பி வாசற்படியிலேயே நின்றிருந்தான். "டூப்ளிகேட்டா இருந்திருக்கும் பாவா. கடைல சரியா பாக்கல. தப்பு என்னுதுதான்" என்றான்.

"தப்புன்னு சொன்னா மீனு வந்துடுமா? என் ஆயுசுல அப்பிடி ஒரு மீனு இனிமே மாட்டுமா? நீ இனிமே இந்த ஊட்டுப் பக்கமே வராத."

கோபத்தில் சொல்வதுதானே, இரண்டு நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. கடைத்தெருவில் டீ குடிக்கிற இடத்தில் எல்லாம் இவர் அந்த மீனைப் பற்றியே பேசினார்; பேசப் பேச மீனும் வளர்ந்தது, தம்பியின் குற்றமும் வளர்ந்தது. அது அரக்கோணத்தில் அவனோடு வேலை செய்கிறவர்களின் காதுக்கும் போனது. அவன் ஒருவரிடமும் மறுத்துப் பேசவில்லை. கிருத்திகை நாட்களில் என்னைப் பார்ப்பதற்காகவே மலைக்கு வருவான். தரிசனம் முடிந்து கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்று பேசுவோம். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பாவா மாத்திரைல்லாம் ஒழுங்கா போட்டுக்கறாரா?" நான் வீட்டுக்கு வந்து, தம்பி உன்னைக் கேட்டான் என்று சொல்வேன். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தனியாக எண்ணூருக்கு ஒரு முறை போய்விட்டு வந்தார். அதன் பிறகு போகவே இல்லை. துணையில்லாமல் பிடிக்கவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

சில ஆண்டுகள் இப்படியே போயின. பிறகு ஒரு கிருத்திகைக்குத் தம்பி வரவில்லை. வயிற்றில் கட்டி என்றார்கள். வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவனுடைய தடித்த ஃபிட்டர் கைகள் போர்வையின் மேல் வற்றிப்போய்க் கிடந்தன. அவன் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னான்.

"அக்கா, அந்த முள்ளு டூப்ளிகேட் இல்லக்கா."

"எந்த முள்ளு?"

"பாவா தரைல வீசினாரே, அதான். நல்ல முள்ளு. நாந்தான் ஊட்டுல கேஸ் அடுப்புல சிவக்கச் சிவக்கக் காட்டி, தானா ஆற வுட்டேன். அப்பிடி ஆற வுட்டா இரும்பு தொவண்டுடும். மேல பெயிண்ட்ட அடிச்சி நூலு சுத்திட்டேன். பாவாவுக்குத் தெரியல."

எனக்குப் புரியவில்லை. எதற்காக என்று கேட்டேன். அவன் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான். அதற்கு முந்தைய வாரம் ஒரு பெரிய மீன் கவ்வியிருக்கிறது. என் கணவர் தூண்டில் ராடை விடாமல் கல்லிலிருந்து கல்லுக்கு இறங்கி இடுப்பளவு அலைக்குள் போய்விட்டார். உதடு நீலம் பாரித்து, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையில் ராடை விடாமல் நின்றாராம். தம்பி பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்துத் தொங்கியிருக்கிறான். நரம்பு அறுந்ததால் இவர் பிழைத்தார். கரைக்கு வந்ததும் வீட்டில் சொல்லக்கூடாது என்று தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். அந்த வாரமே கெட்டியான நரம்பும் வாங்கிவிட்டார்.

"நான் வரலன்னா தனியா போவாரு. நரம்பும் ரீலும் அவரு கைல. முள்ளு மட்டும்தான் என் கைல கீது. சின்ன மீனுக்குத் தாங்கணும், ஆளக் கொல்ற மீனுன்னா விரியணும். அந்த மாதிரி பண்ணேன்" என்றான். பிறகு சிரித்தான். "நெனச்சதுக்கு மேலயே நல்லதா போச்சி. பாவா இப்ப கடலுக்கே போறதில்லியாமே."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அழுதேன்.

"இப்பவும் ஊருக்குச் சொல்லணும்னு இல்லக்கா. ஃபிட்டருக்கு இரும்பு தெரியலன்னு நீயும் நெனச்சிக்கினு இருக்கக் கூடாதுல்ல. அதான்."

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த சோற்றில் கை அப்படியே நின்றது. பாதியில் எழுந்து கை கழுவினார். "காலைல மொத பஸ்ஸுக்குப் போலாம்" என்றார். வேலூர் போகும் வழியெல்லாம் எதிர் சீட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி வந்தார்.

வார்டு வாசலில் இவரைப் பார்த்ததும் தம்பி எழுந்து உட்காரப் பார்த்தான். முடியவில்லை. இவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன்டா மச்சான் சொல்லல? ஊரெல்லாம் உன்ன அவ்ளோ பேசினேனேடா."

"சொல்லியிருந்தா நீ வேற முள்ளு வாங்கியிருப்ப பாவா."

தம்பி கண்ணை மூடித் திறந்தான். பிறகு கேட்டான். "மெய்யாலுமே எவ்ளோ பெருசு பாவா அது? நான் சரியா பாக்கல. உன் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன்."

டீக்கடைதோறும் ஆள் உயரத்துக்குக் கை தூக்கிக் காட்டிய மனிதர், இப்போது தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினார். "சின்னதுதான்டா. இத்தினிகூட இருக்காது. நாந்தான் சும்மா பெருசு பண்ணிட்டேன்."

தம்பியின் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. "பொய் சொல்ற பாவா. அத்தினி சின்ன மீனுக்கு நான் பண்ண முள்ளு விரியாது."

அதற்கு மேல் என் கணவரால் தாங்க முடியவில்லை. அவன் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அழுதார். தம்பி மற்றொரு கையை மெல்ல நகர்த்தி அவர் நெஞ்சின் மேல் வைத்து, "அழாத பாவா, உனக்கு ஆவாது" என்றான். அதன் பிறகு இருந்த கொஞ்ச நாளும் இவர் அங்கேயே இருந்தார். அவனுக்கு முகம் துடைத்துவிட்டார், கஞ்சி ஊட்டினார். ஒரு விடியற்காலையில் தம்பி போய்ச் சேர்ந்தான். என்னைவிட ஆறு வயது சின்னவன்.

போன மாதம் என் கணவரைப் பரிசோதனைக்காக அரக்கோணம் அழைத்துப் போயிருந்தேன். டாக்டர் இளம் வயதுக்காரர். படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஹார்ட் ரொம்ப நல்லா இருக்குங்க ஐயா. கவலையே வேணாம்" என்றார். வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். இவர் தண்டனைத் தீர்ப்பைக் கேட்டவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். பஸ் ரயில்வே ஒர்க்‌ஷாப் பக்கமாகத் திரும்பியபோது வேலை முடிந்து ஆட்கள் சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், "நல்லா கீதாம்" என்றார். "இத அவன்கிட்ட சொல்லணும் இல்ல?"

கண்டக்டர் வந்து எந்த ஊர் என்று கேட்டபோது அவர் இன்னும் ஜன்னலுக்கு வெளியே அந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் திருத்தணி என்று சொன்னேன்.