மிரான் டீச்சரின் 'விழுந்தாச்சு'

தேகு நகரில் பிள்ளையை டாக்டருக்குப் படிக்கவைக்க ஆசைப்படும் வீடுகளில் மிரான் டீச்சரைத் தெரியாதவர்கள் கிடையாது. பிடித்தவர்களும் கிடையாது. தெருவில் எதிரே வந்தால் தாய்மார்கள் இடுப்பை வளைத்துக் கும்பிட்டுவிட்டு, அவள் தாண்டிப் போனதும் முகத்தைச் சுளிப்பார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தே வேண்டுமென்று மெதுவாகத்தான் தாண்டிப் போவாள்.

டியூஷன் சென்டரின் நான்காவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவளுக்கு உத்தியோகம். மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வு முடிந்த பிள்ளைகள் வீட்டுக்குக்கூடப் போகாமல், சட்டையில் ஒட்டிய எண் சீட்டோடு நேரே அங்கே வருவார்கள். உள்ளே என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னோம், எந்தப் பேராசிரியர் எந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தார் என்று ஒன்று விடாமல் ஒப்பிக்க வேண்டும். அதனால் சென்டருக்கு அடுத்த வருடத்துக்கான கேள்விகள் கிடைக்கும். பிள்ளைக்குக் கிடைப்பது மிரான் டீச்சரின் தீர்ப்பு: 'ஏறியாச்சு', இல்லாவிட்டால் 'விழுந்தாச்சு'. நடுவில் ஒன்று கிடையாது.

அவள் டாக்டருமில்லை, வாத்தியாருமில்லை. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவள். கை வேகம் என்று கூப்பிட்டு, பிள்ளைகள் ஒப்பிப்பதை எழுதத்தான் உட்காரவைத்தார்கள். இரண்டு வருடம் வாய் திறக்காமல் எழுதினாள். மூன்றாம் வருடம், ஒரு பையன் எழுந்து போனதும், "இவன் விழுந்தாச்சு" என்றாள். முதலாளி சிரித்தார். முடிவு வந்தபோது அவர் சிரிக்கவில்லை. அதிலிருந்து பத்தொன்பது வருடமாக நூற்றுக்குத் தொண்ணூறு அவள் சொன்னபடியேதான் நடக்கிறது.

"பேராசிரியர் சிரிச்சாரு டீச்சர், தலைகூட ஆட்டினாரு" என்று ஒரு பிள்ளை ஆசையாகச் சொல்லும்.

"சிரிக்கக் காசா பணமா? காலையிலேர்ந்து நாப்பது பேரைப் பாத்து கழுத்து வலிக்குது, ஆட்டறாரு. அதுக்கப்புறம் என்ன கேட்டாரு, அதைச் சொல்லு."

சூட்சுமம் அதில்தான். பதிலைக் கேட்டுவிட்டு அதைவிடக் கடினமாக ஒன்று கேட்டால் பிள்ளைமேல் அக்கறை. சுலபமாக ஒன்று கேட்டால், முடித்துவிட்டார்கள், மணியடிக்கும்வரை பொழுதைப் போக்குகிறார்கள் என்று அர்த்தம். 'நல்லாப் பண்ணேன்' என்று துள்ளிக்கொண்டு வருகிறவர்களை அவளுக்குக் கண்ணால் கண்டாலே ஆகாது. அவர்களுக்கு 'விழுந்தாச்சு' சொல்லும்போது குரலில் ஒரு தெம்பு வருவதை வாசலில் காத்திருக்கும் தாய்மார்கள் பலர் கேட்டிருக்கிறார்கள்.

போன வருடம் தோக்யோம் என்று ஒரு பையன். சனிக்கிழமை தேர்வு முடித்து வந்து ஒப்பித்தான். "விழுந்தாச்சு" என்றாள். மறுநாள் காலை அவனுக்கு இன்னொரு கல்லூரியில் நேர்முகம் இருந்தது. பையன் போகவில்லை. போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு படுத்தவன் திங்கட்கிழமைதான் எழுந்தான். முடிவு வந்ததும் அவன் அம்மா சென்டருக்கு வந்து மேசையில் கையால் அறைந்து கத்தினாள். மிரான் நோட்டைப் பிரித்துக் காட்டினாள். சனிக்கிழமைத் தேர்வில் அவன் விழுந்துதான் இருந்தான்.

"நான் சொன்னது சரியா தப்பா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். அந்தம்மா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். பையன் பட்டாளத்துக்குப் போய்விட்டான்.

மிரானின் ஒரே மகள் யுன்சல் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவளுக்கும் போன வருடம் இடம் கிடைக்கவில்லை. இருபது வயதில் இது இரண்டாவது முயற்சி, இதுவே கடைசி என்று சொல்லிவிட்டாள். சும்மா மிரட்டுகிற பெண் இல்லை. இந்த வருடம் எழுத்துத் தேர்வு தாண்டி நேர்முகத்துக்கு அழைத்தவை இரண்டே கல்லூரிகள். ஒன்று வடக்கே மலைநாட்டில், சனிக்கிழமை காலை. மற்றது தெற்கே கடலோரத்தில், ஞாயிறு காலை எட்டரைக்கு. இரண்டும் போனால் டாக்டர் கனவும் போயிற்று. வீட்டுக்காரர் கப்பல் கட்டும் ஊரில் வேலையாக இருந்ததால் காரை மிரானே ஓட்டினாள்.

சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு மலைநாட்டுக் கல்லூரி வாசலில் குளிர் காதைக் கிள்ளியது. மற்றப் பிள்ளைகள் தாய்மார்மேல் சாய்ந்து அழுதுகொண்டோ சிரித்துக்கொண்டோ வந்தார்கள். யுன்சல் வந்து, பின்கதவைத் திறந்து பையை எறிந்து, முன்சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

"எப்படி?" என்றாள் மிரான்.

"வண்டிய எடு."

"என்ன கேட்டாங்க?"

"வண்டிய எடுன்னு சொன்னேன்ல."

எண்பது கிலோமீட்டர் ஓடியாயிற்று. ஊரார் பிள்ளைகள் எல்லாம் தன் முன்னால் வந்து கொட்டிவிட்டுப் போக, சொந்தப் பெண் உதட்டைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மிரானுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. நெடுஞ்சாலை ஓய்விடம் வந்ததும் கேட்காமலேயே வண்டியை உள்ளே திருப்பினாள். இரண்டு கிண்ணம் ஊதோன் நூடுல்ஸ் சூப், ஒரு தட்டு சர்க்கரை தூவிய உருளைக்கிழங்கு வாங்கிவந்து வைத்தாள்.

யுன்சல் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். "நோட்டை எடு" என்றாள்.

"என்ன?"

"ஒப்பிக்கறேன். எழுதிக்கோ. இன்னைக்கே சொல்றேன்னு அங்க வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

மிரானுக்குப் புரியவில்லை. ஆனாலும் கை தானாகப் பைக்குள் போயிற்று. நோட்டும் பேனாவும் இல்லாமல் அவள் கோயிலுக்குக்கூடப் போனதில்லை.

"மூணு ரூம். முதல் ரெண்டும் சுமார். மூணாவதுல கதவுல ஒரு தாள் ஒட்டியிருந்துச்சு. 'சரியான ஒரு முடிவு, சொன்ன விதத்தால் ஒருவருக்குக் கெடுதலாக முடிந்த சம்பவத்தைச் சொல்லுங்கள்.' ரெண்டு நிமிஷம் யோசிக்க. உள்ள எட்டு நிமிஷம். ரெண்டு பேராசிரியருங்க."

"என்ன சொன்னே?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பளை இருக்காங்கன்னு சொன்னேன். பசங்களைக் கேட்டுட்டு விழுந்தியா ஏறினியான்னு சொல்றவங்க. அநேகமா சரியாத்தான் சொல்லுவாங்க. ஒரு பையனுக்கு சனிக்கிழமை சாயங்காலம் விழுந்தாச்சுன்னு சொன்னாங்க, அதுவும் சரி. ஆனா ஞாயித்துக்கிழமை அவனுக்கு இன்னொரு பரீட்சை இருந்துச்சு. அவங்க அதைக் கேக்கவேயில்ல. ஒருநாள் பொறுத்திருந்தா அவன் அதுக்குப் போயிருப்பான். அவங்களுக்கு அவன் முக்கியமில்ல, தன் கணக்கு சரியா வர்றதுதான் முக்கியம். நான் டாக்டரானா அப்படி இருக்கமாட்டேன்னு சொன்னேன்."

மிரானின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"என்னைத் திட்டறதுக்கு உனக்கு வேற எடமே கெடைக்கலியா? மலை ஏறிப் போயித் திட்டிட்டு வந்திருக்கே."

"வீட்ல திட்டினா நீ எங்க கேக்கறே?"

"மேல சொல்லு. அடுத்து என்ன கேட்டாங்க?"

"அந்தப் பேராசிரியரம்மா பேனாவக் கீழ வச்சிட்டாங்க. 'இதை அவங்ககிட்டச் சொன்னீங்களா?'ன்னு கேட்டாங்க. இல்ல, பயம்னேன். 'இவங்ககிட்டயே பயந்தா நாளைக்கு ஆஸ்பத்திரியில தப்புப் பண்ற சீனியர்கிட்ட எப்படிச் சொல்லுவீங்க?'ன்னாங்க. இன்னைக்கே சொல்லிடுறேன்னு சொன்னேன். மணியடிச்சிடுச்சு."

மிரான் நிமிர்ந்து பார்த்தாள். கேள்விக்குமேல் கேள்வி, ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கடினம். பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு அழகாக ஏறிப் போன நேர்முகத்தை அவள் பத்துத் தடவை எழுதியிருந்தால் அதிகம். வலித்தது, ஆனால் வலிக்கு நடுவே ஒரு பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. 'ஏறியாச்சு' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தொழில் புத்தி விடவில்லை.

"முதல்லேர்ந்து கடைசிவரைக்கும் 'ஒரு பொம்பளை'ன்னேதான் சொன்னியா?"

யுன்சல் உருளைக்கிழங்கைக் குச்சியால் குத்தினாள். "ஒரே ஒரு தடவ வாய் தவறிடுச்சு."

"என்னன்னு?"

"'எங்கம்மா அதைக் கேக்கவேயில்ல'ன்னு. அந்தம்மா உடனே கையத் தூக்கி நிறுத்தினாங்க. குடும்பத்தைப் பத்திச் சொல்லக்கூடாதுன்னாங்க. மன்னிச்சிக்குங்கன்னு சொல்லிட்டு மாத்திக்கிட்டேன்."

"இன்னொருத்தர்?"

"தாள்ல ஏதோ எழுதினாரு."

மிரானின் பேனா நின்றது. இந்த நாட்டில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விதி அது. நேர்முகத்தில் உன் பெயர் கிடையாது, பள்ளி கிடையாது, பெற்றவர்கள் என்ன வேலை என்பது வாயில் வரவே கூடாது. எண் மட்டும்தான். வந்தால் பதில் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் குறித்துவைத்துக் கழித்துவிடுவார்கள். எத்தனை பிள்ளைகள் 'எங்கப்பாவும் டாக்டர்' என்று உளறிவிட்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்களில் ஒருவர்கூட ஏறியதில்லை.

விழுந்தாச்சு. அவள் மகள் விழுந்தாச்சு, அதுவும் பெற்ற தாயாலேயே.

"மாத்திக்கிட்டேன்ல, அது பரவாயில்லதானே?" என்றாள் யுன்சல். குரலில் அதுவரை இருந்த திமிர் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சொல்லு. தீர்ப்பைச் சொல்லு."

மணி இரண்டே கால். நாளைக் காலை எட்டரைக்கு இன்னும் முழுதாக ஒரு நாள்கூட இல்லை. மிரானுக்கு அந்தப் பையன் ஞாபகம் வந்தான். போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தவன் முகத்தை அவள் பார்த்ததில்லை, இப்போது பார்த்தாற்போல இருந்தது. அன்றைக்கு அவன் அம்மா மேசையை அறைந்தபோதே தான் செய்தது என்னவென்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரியாத மாதிரி நோட்டைக் காட்டினாள்.

"தெரியல" என்றாள்.

யுன்சல் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "உனக்கா? பத்தொன்பது வருஷமா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு சொல்றவளுக்கு என் விஷயத்துல மட்டும் தெரியலயா?"

"தெரியலன்னா தெரியல."

"நீ தெரியலன்னு சொன்னா விழுந்தாச்சுன்னு அர்த்தம். தோக்யோம்கிட்டயாவது மூஞ்சிக்கு நேராச் சொன்னே." அவள் கண்ணில் நீர் கட்டியது. தோள்கள் தொய்ந்தன. "நான் வீட்டுக்குப் போறேன். தெக்கே எல்லாம் வரல. அங்க மட்டும் என்ன, வாயத் தொறந்தா நீதான் வரப்போறே."

அந்தத் தோள்களை மிரானுக்குத் தெரியும். அவள் அறையிலிருந்து எழுந்து போன எத்தனையோ தோள்கள். அணைத்துக்கொண்டு 'நீ ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கேடி' என்று சொல்லத்தான் மனம் அடித்துக்கொண்டது. சொல்லியிருந்தால் உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் அந்த வாயிலிருந்து ஆறுதல் வந்தால் இந்தப் பெண் அதைச் சாவு வீட்டு ஆறுதலாகத்தான் எடுத்துக்கொள்வாள். அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவாள். இருபது வருடம் வளர்த்ததில் அவளை எழுப்பி நடக்கவைத்தது ஒன்றே ஒன்றுதான், அம்மாமேல் கோபம்.

மிரான் நோட்டை மூடினாள்.

"சரி, வரவேணாம். போர்வையப் போத்திக்கிட்டுப் படு. அந்தப் பையனுக்காகப் பேச வந்துட்டே பெருசா! அவனாவது ஒருத்தி சொல்லித்தான் படுத்தான். நீ யாரும் சொல்லாமலே படுக்கறே. இதுல சீனியரை எதுத்துக் கேப்பாளாம். பொழுது விடியறவரைக்கும் தாங்கல இவ வீரம்."

யுன்சலின் முகம் சிவந்தது. கண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. "நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

"அதைப் பேராசிரியருங்ககிட்டச் சொல்லிட்டியே. எனக்கு எதுக்கு மறுபடியும்?"

"போறேன். நாளைக்குப் போறேன். உனக்காக இல்ல, தெரிஞ்சுக்கோ. எடம் கெடைச்சா அன்னைக்கே மூட்டையக் கட்டிடுவேன். நீ செத்தாக்கூட வரமாட்டேன்."

"மொதல்ல எடம் கெடைக்கட்டும். வாயில 'எங்கம்மா' வராமப் பாத்துக்கோ."

"என் வாயில இனிமே உன் பேரே வராது."

"நல்லது" என்றாள் மிரான். கிண்ணங்களைத் தட்டில் அடுக்கினாள். பெண் தன் முகத்தைப் பார்த்துவிடாதபடி திரும்பி நின்றுகொண்டாள்.

யுன்சல் இந்தத் தடவை முன்சீட்டில் உட்காரவில்லை. பின்னால் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். தேகு பிரியும் இடத்தில் மிரான் வீட்டுப் பக்கம் திரும்பாமல் தெற்கு நோக்கிய பாதையில் வண்டியை விட்டாள். பின்னால் பை திறக்கும் சத்தம் கேட்டது. தாள்களைப் புரட்டும் சத்தம், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு யாரையோ திட்டுகிற மாதிரி முணுமுணுப்பாக ஒப்பிக்கும் சத்தம்.

மிரான் ஓட்டினாள். இந்தப் பெண் நிஜமாகவே இனி வீட்டு வாசலை மிதிக்காமல் போய்விடலாம். போகட்டும், டாக்டராகிப் போகட்டும். இந்தக் கோபம் நாளைக் காலை எட்டரை வரை ஆறாமல் இருந்தால் போதும்.

நாற்பது கிலோமீட்டர் போனபின் பின்னால் சத்தம் நின்றது. மிரான் கண்ணாடியில் பார்த்தாள். யுன்சல் தாளை மடியில் போட்டுவிட்டு ஜன்னல்பக்கம் சாய்ந்திருந்தாள். உதடு பிதுங்கி, தோள் மறுபடி தொய்யத் தொடங்கியிருந்தது.

"கூனிக்கிட்டு உக்காராதே, கெழவி மாதிரி" என்றாள் மிரான். "இந்த லட்சணத்துல போனா கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க."

யுன்சல் கண்ணாடிக்குள் அவளை முறைத்தாள். முதுகு நிமிர்ந்தது. தாளை எடுத்தாள்.